டாக்டரம்மா போதும்னு சொல்லல

அடி அண்ணாமலை,
வியாழக்கிழமை மத்தியானம்.

அருணாசலம், உன் நைனா எழுதறேன். எடுத்த எடுப்புல சௌக்கியமான்னு கேக்கறதுதான் முறை. கேட்டா நீயும் சௌக்கியம்னு ஒரு வார்த்தை எழுதிப் போட்டுட்டு உன் வேலையப் பாத்துக்கினு போயிடுவ. அதனால இந்தத் தடவை நான் ஒண்ணும் கேக்கப் போறதில்ல, சொல்லப் போறேன். வேலையிலேர்ந்து வந்து, கை கால் கழுவி, சாப்டுட்டு, நிதானமா உக்காந்து படி. கார்டுல அடங்கற சமாச்சாரம் இல்ல இது. உன் பழைய நோட்டுல மிச்சம் இருந்த பக்கத்தையெல்லாம் கிழிச்சு வெச்சுக்கினு எழுதறேன். எட்டாங்கிளாசோட நின்னவன் எழுத்து, தப்பு இருந்தா பொறுத்துக்க. விஷயத்துல தப்பு இருக்காது.

நேத்து உன் கடுதாசி வந்துது. உங்கம்மாவ எதிர்ல உக்கார வெச்சுப் படிச்சுக் காட்டினேன். பெரம்பூர்ல கொழாய்த் தண்ணிக்குப் படற பாடு, ரேஷன்ல அரிசிக்குப் பதிலா கோதுமை போடறது, எல்லாம் எழுதியிருந்த. நடுவுல ஒரு வரி. மருமவ சரோஜாவுக்கு ஆறு மாசம் முடியப் போவுது, ஆஸ்பத்திரியில குடுத்த போலிக் ஆசிட் மாத்திரை தீந்து போச்சு, டாக்டரம்மா இனிமே போதும்னு சொல்லிட்டாங்கன்னு. கடைசியில சரோஜா அவ கையால ரெண்டு வரி சேத்திருந்தா. "அத்தைக்கு நமஸ்காரம். எனக்கு ரெண்டு வாரமா நாக்கு வெந்த மாதிரி இருக்கு, காரம் பட்டா எரியுது. கொஞ்சம் நடந்தாலே மூச்சு வாங்குது. மத்தபடி நல்லா இருக்கேன்." உங்கம்மா அதக் கேட்டுட்டு, "வயித்துப் புள்ளக்காரின்னா அப்படித்தான் இருக்கும், மோரு நெறையக் குடிக்கச் சொல்லி எழுதுங்க"ன்னா. நானும் சரின்னேன். சரின்னு சொல்லிட்டுக் கெணத்தாண்ட போய் நின்னேன். 

ஆறு மாசக் கர்ப்பிணி, நாக்கு வெந்திருக்கு, நடந்தா மூச்சு வாங்குது. அவளப் பாத்து மாத்திரை போதும்னு சொல்ற டாக்டர் இந்த ஒலகத்துல கிடையாதுடா. நீ பொய் எழுதியிருக்க. ஆஸ்பத்திரி வரிசையில நிக்க நேரம் இல்லாம, லீவு கேக்க மனசு இல்லாம, மாத்திரை வாங்கப் போவல. சரோஜாகிட்டயும் அதே பொய்யத்தான் சொல்லியிருப்ப. கோவப்படாத. எனக்கு எப்படித் தெரியும்னா, இதே பொய்ய, இதே வார்த்தையில, உனக்கு முந்தி சொன்னவன் நான். அத இன்னி வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொல்லல. உங்கம்மாகிட்டயும் சொல்லல. இப்போ உங்கிட்ட சொல்லப் போறேன். சொன்னா என் மேல உனக்கு இருக்கற மரியாதை போயிடும். போனாப் போவட்டும், அந்தப் பொண்ணு நல்லா இருக்கணும்.

உனக்கு அப்போ எட்டு வயசு. உங்கம்மா ரெண்டாவதா உண்டாயிருந்தா. அந்த வருஷம் நம்ம கெணத்துல தண்ணிக்குக் கொறைச்சல் இல்ல. முளைக்கீரை, சிறுகீரை, அரைக்கீரைன்னு பாத்தி பாத்தியா நிக்கும், வரப்பு ஓரமா சுத்தி அகத்தி மரம். கீரைய மார்க்கெட்டுக்குப் போடுவேன். அகத்திய மட்டும் சைக்கிள் பின்னால கட்டிக்கினு கோயிலாண்ட கொண்டு போய் நானே விப்பேன். பௌர்ணமிக்கு மலை சுத்த வரவங்க, அமாவாசைக்குத் தர்ப்பணம் பண்ண வரவங்க எல்லாரும் பசுவுக்குக் குடுத்தா புண்ணியம்னு கட்டு கட்டா வாங்கிக் குடுப்பாங்க. ஊர்ல இருக்கற பசுவெல்லாம் நம்ம கீரையத் துன்னுதான் வளந்துதுன்னு எனக்குப் பெருமை. நம்ம வூட்டுல கீரை வெக்கறது எப்பவாவது. வெச்சாலும் எனக்குக் கசப்பு ஆகாது, அதனால ரொம்ப நேரம் வேக வெச்சு, தண்ணிய ஒட்ட வடிச்சுக் கீழ ஊத்தி, மறுபடியும் தண்ணி விட்டுக் கொதிக்க வெச்சுத்தான் கடையணும். மொதல்ல நான் சாப்புடுவேன், அப்புறம் நீ, அப்புறம் என் அக்கா. உன் பெரியத்தை, அப்போ நம்ம கூடத்தான இருந்தா. எல்லாரும் எழுந்த அப்புறம் உங்கம்மா சட்டியில ஒட்டினத வழிச்சுப் போட்டுக்குவா. அவளுக்கு இருந்துதா இல்லையான்னு நான் ஒரு நாள் திரும்பிப் பாத்தது கிடையாது. தோட்டத்துக்காரன் பொண்டாட்டிக்குக் கீரை இல்லன்னு வெளியில சொன்னா சிரிப்பாங்க.

அவ உண்டான அப்புறம் அந்தக் கொஞ்சமும் நின்னு போச்சு. கீரை துன்னா சீதளம், வயித்துப் புள்ளைக்கு ஆகாதுன்னுட்டா உன் பெரியத்தை. ஜாஸ்தி துன்னா புள்ள பெருசாயிடும், பிரசவம் கஷ்டமாயிடும்னு சோத்தையும் கம்மி பண்ணிட்டா. கெட்ட எண்ணத்துல சொன்னவ இல்ல, அவளுக்குச் சொல்லிக் குடுத்தத இவளுக்குச் சொன்னா. அரை வயித்துக்கு ரசஞ்சோறு, ராத்திரியில ஒரு டம்ளர் மோரு, அவ்வளவுதான். நாலாம் மாசம் முடியறதுக்குள்ள உங்கம்மா வெளுக்க ஆரம்பிச்சா. பக்கத்து வூட்டுப் பொம்பளைங்க வந்து, "அடடா, என்னா நெறம் வந்துட்டுது பாரு, இது பொட்டப் புள்ளதான்"னு சொல்லிட்டுப் போனாங்க. எனக்கும் சந்தோசம்தான். வெளுப்ப அழகுன்னு நெனச்ச முட்டாள் நான்.

அப்புறம் நாக்கு. சோத்துல மொளகு பட்டாக்கூட எரியுதுன்னு தட்டத் தள்ளி வெப்பா. நாக்க நீட்டிக் காட்டினா, செவசெவன்னு தோல் உரிஞ்ச மாதிரி வழவழன்னு இருந்துது. நான் இன்னா சொன்னேன் தெரியுமா? "வெத்தலைக்குச் சுண்ணாம்பு ஜாஸ்தி போட்டுக்கற, அதான் வெந்துட்டுது"ன்னு கத்தினேன். அவ வெத்தலப் பெட்டிய எடுத்துப் பரண் மேல ஒளிச்சு வெச்சேன்.  உண்டானவளுக்கு இருந்த ஒரே ஆசைய நான் புடுங்கி வெச்சேன், நாக்கு அப்படியேதான் இருந்துது. இப்போ சரோஜா எழுதின வரியப் படிச்சதும் எனக்கு அந்த நாக்குதான் கண்ணு முன்னால வந்துது.

அதுக்கு மேல ஒண்ணு இருக்கு. இத வெளியூர்க்காரன் யாரும் நம்ப மாட்டான், நம்ம ஊர்ல மட்டும்தான் இப்படி ஒரு தப்பு நடக்கும். உங்கம்மா தினமும் காலையில குளிச்சுட்டு ஆதி அண்ணாமலையார் கோயிலுக்குப் போவா. குருக்கள் குடுக்கற திருநீற நெத்தியில கொஞ்சம் வெச்சுக்குவா, மிச்சத்த வாயில போட்டுக்குவா. மொதல்ல ஒரு சிட்டிகை. அப்புறம் ஒரு பிடி. அப்புறம் சாயங்காலமும் போவ ஆரம்பிச்சா. முந்தானையில முடிஞ்சு எடுத்துக்கினு வந்து, கீரை ஆயும்போது கொஞ்சம் கொஞ்சமா வாயில போட்டுக்கினே இருப்பா. எனக்கு எவ்ளோ பெருமைங்கற! வயித்துல புள்ளைய வெச்சுக்கினு ஈஸ்வரன் பிரசாதத்தத் தவிர வேற ஒண்ணும் வேணாங்கறா, பொறக்கப் போறது மகானா இருக்கும்னு டீக்கடையில எல்லாம் சொல்லிக்கினேன். பெரிய கோயிலுக்குப் போறப்பல்லாம் நானே பொட்டலம் பொட்டலமா வாங்கியாந்து குடுத்தேன். சோறு கேக்காதவ, கீரை கேக்காதவ, திருநீறு கேட்டப்போ மட்டும் நான் ஓடி ஓடிப் போனேன்.

ஐப்பசிப் பௌர்ணமிக்கு முந்தின நாள், அகத்திய அறுத்துக் குவிச்சு வெச்சு ரெண்டு பேரும் வாழை நார்ல கட்டுப் போட்டுக்கினு இருந்தோம். "தலை சுத்துதுங்க"ன்னா. "இன்னும் பத்துக் கட்டுதான், முடிச்சுட்டுப் படு"ன்னேன். அடுத்த கட்டுக்கு நார எடுக்கக் குனிஞ்சவ அந்தக் கீரைக் குவியல் மேலயே சாஞ்சா. கூப்புட்டா பதில் இல்ல. ஒதடு காகிதம் மாதிரி இருந்துது. மாட்டு வண்டியக் கட்டி, டவுன் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். வழியெல்லாம் அவ கால தன் மடியில வெச்சுக்கினு உன் பெரியத்தை அழுதுக்கினே வந்தா.

அங்க இருந்தது ஒரு லேடி டாக்டர். குள்ளமா, தடிக் கண்ணாடி போட்டுக்கினு, குரல் மட்டும் பெருசா. கண் இமைய இழுத்துப் பாத்தாங்க, நாக்க நீட்டச் சொல்லிப் பாத்தாங்க, ரத்தம் எடுத்து உள்ள அனுப்பினாங்க. அப்புறம் என்னைப் பாத்து, "என்னய்யா தொழில்?"னாங்க.

"கீரைத் தோட்டம்ங்க."

"அந்தக் கீரையெல்லாம் யாருக்குப் போகுது?"

"மார்க்கெட்டுக்குப் போவுதுங்க. அகத்தி மட்டும் கோயிலாண்ட விக்கறேங்க, பசுவுக்கு."

"பசுவெல்லாம் நல்லா இருக்கா?"

"நல்லா இருக்குதுங்க."

"இருக்கும். ஏன் இருக்காது?"ன்னாங்க.

எனக்கு அப்பவும் வெளங்கல. உங்கம்மா முந்தானை முடிச்சுல திருநீறு இருந்தத நர்சு எடுத்துக் காட்டினப்போ, நான் பெருமையா, "பக்தி ஜாஸ்திங்க அவளுக்கு, அதான் சாப்பாடு மாதிரி துன்றா"ன்னேன். டாக்டரம்மா கண்ணாடியக் கழட்டி வெச்சுட்டு என்னையே பாத்தாங்க. "யோவ், இது பக்தி இல்ல. ரத்தம் கொறஞ்ச ஒடம்பு மண்ணு கேக்கும், சாம்பல் கேக்கும். கிராமத்துல செவுத்து மண்ணப் பேத்துத் தின்பாங்க. உன் சம்சாரத்துக்குத் திருநீறு கெடச்சிருக்கு. சாமி மேல பழியப் போடாத"ன்னாங்க. அன்னிக்கு என் தலை குனிஞ்சுது.

அப்புறம் அவங்களே உக்கார வெச்சு, படிக்காதவனுக்குப் புரியற மாதிரி சொன்னாங்க. நான் அதக் கேட்ட அன்னிலேர்ந்து மறக்கல, நீயும் மறக்காத. வயித்துல ஒரு உசுரு வளரும்போது ஒடம்பு பாடுபட்டுப் புதுசா ரத்தம் உண்டாக்கணுமாம். அதுக்கு இரும்புச் சத்து மட்டும் இருந்தா பத்தாதாம், போலிக் ஆசிட்னு ஒரு சத்து வேணுமாம். அது இல்லன்னா ரத்தத்துல இருக்கற அணுவெல்லாம் சரியா பிரியாம, ஊதிப் பெருத்து, வேலைக்கு ஆகாம போயிடுமாம். நாக்கு வேகறது, மூச்சு வாங்கறது, வெளுப்பு எல்லாம் அதோட அடையாளம். "இந்த மருந்துக்குப் பேரே இலைன்னு அர்த்தம் வர்ற வார்த்தையிலேர்ந்துதான்யா வந்துது. மொத மொத இத ஒரு கீரையிலேர்ந்துதான் பிரிச்சு எடுத்தாங்க"ன்னாங்க. கீரையில இருக்கு, காராமணி, பச்சைப்பயறு, கொண்டைக்கடலையில இருக்கு, அவங்க வேர்க்கடலைங்கற நம்ம மல்லாட்டையில இருக்கு, ஆட்டு ஈரல்ல இருக்கு, முட்டையில இருக்கு. ஆனா ரொம்ப நேரம் வேக வெச்சா சூட்டுலயே அழிஞ்சு போயிடும். தண்ணிய வடிச்சு ஊத்தினா அந்தத் தண்ணியோட போயிடும். ஒடம்பும் அத ரொம்ப நாளைக்குச் சேத்து வெச்சுக்காது, வந்துக்கினே இருக்கணும். நான் கசப்பு ஆகாதுன்னு வடிச்சுக் கீழ ஊத்தச் சொன்ன தண்ணியையெல்லாம் அங்க உக்காந்து நெனச்சுப் பாத்தேன்.

நாலு நாள் வெச்சிருந்து அனுப்பினாங்க. இரும்பு மாத்திரை ஒண்ணு, சின்னதா மஞ்சளா போலிக் ஆசிட் மாத்திரை ஒண்ணு. இருவது நாளைக்குக் குடுத்து, தீந்ததும் வந்து வாங்கிக்கணும், பிரசவம் ஆகி பால் குடுக்கற வரைக்கும் நிறுத்தக் கூடாது, கீரையும் பயறும் தினம் சாப்புடணும்னு ரெண்டு தடவை சொன்னாங்க. வூட்டுக்கு வந்ததும் நான் பண்ண மொத காரியம், கீரைய நிறுத்தினது. ஏன்னு கேக்கறியா? அகத்தி மருந்த முறிக்கும்னு நம்ம பக்கம் எல்லாருக்கும் தெரியுமே. அகத்தி முறிக்கும்னா மத்த கீரை மட்டும் சும்மா இருக்குமா, எதுக்கு வம்புன்னு எல்லாத்தையும் நிறுத்திட்டேன். டாக்டரம்மாகிட்ட அகத்திய விட்டுட்டு மத்ததக் குடுக்கலாமான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேக்க வெக்கம். கீரைக்காரன் கீரையப் பத்திக் கேக்கறதாங்கற திமிரு.

ஆனாலும் அந்த மாத்திரை வேலை செஞ்சுதுடா. பத்து நாள்ல நாக்கு ஆறிட்டுது. "பசிக்குதுங்க"ன்னு அவளா வாய் தொறந்து கேட்டா. உன்னைத் தூக்கி இடுப்புல வெச்சுக்கினு, "எரும மாடு கனம் கனக்கற"ன்னு சிரிச்சா. அந்தச் சிரிப்பப் பாத்து ரெண்டு மாசம் ஆயிருந்துது. திருநீறும் நெத்தியோட நின்னுது. அப்படியே போயிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. மாத்திரை தீந்த அன்னிக்குக் கார்த்திகை தீபத்துக்குக் கொடியேத்தி ரெண்டு நாள் ஆயிருந்துது.

தீபம்னா நம்ம ஊரு எப்படின்னு உனக்குச் சொல்ல வேணாம். பத்து நாளும் விடியறதுக்கு முந்தி அகத்தியக் கட்டிக்கினு போயிடுவேன், ஆளு நகர முடியாத ஜனம். நான் கட்டு விரிச்சு உக்காந்த எடத்துலேர்ந்து ஆஸ்பத்திரி கூப்புடு தூரம். எழுந்து போனா ஒரு நாழில வாங்கியாந்துடலாம். எடத்த விட்டுட்டுப் போனா வேற எவனாவது வந்து உக்காந்துடுவான்னு போவல. மொத நாள் நாளைக்குன்னு நெனச்சேன். மறு நாளும் நாளைக்குன்னேன். மூணாம் நாள் சாயங்காலம் வூட்டுக்கு வந்தப்போ, உங்கம்மா தண்ணிச் சொம்பக் குடுத்துக்கினே, "மாத்திரை வாங்கினீங்களா?"ன்னா. அலுப்பு, பசி. கண்ணு முன்னால அவ நல்லாத்தான் நிக்கறா. "டாக்டரம்மா இனிமே போதும்னு சொல்லிட்டாங்க"ன்னேன். அவ நம்பினா. "அப்பாடா"ன்னு சிரிச்சா. இதான்டா நான் பண்ணது. தீபம் முடிஞ்ச அப்புறமாவது போயிருக்கலாம். சொன்ன பொய்ய எப்படி மாத்தறதுன்னு போவல.

மார்கழி பொறந்ததும் நாக்கு மறுபடியும் வெந்துது. அவ எங்கிட்ட சொல்லல, போதும்னு டாக்டரம்மாவே சொல்லிட்டாங்களேன்னு பேசாம இருந்துட்டா. எட்டாம் மாசத்துலயே வலி வந்துட்டுது. பொண்ணு. ரெண்டு கையையும் சேத்து ஏந்தினா அதுலயே அடங்கற அளவு. அழுகைச் சத்தம்கூட வெளியில கேக்காது. ஒம்போது நாள் இருந்துச்சு. பேர் வெக்கறதுக்குள்ள போயிட்டுது. நீ அந்த ஒம்போது நாளும் பள்ளிக்கூடத்துலேர்ந்து ஓடி வந்து, "பாப்பா முழிச்சிருக்கா?"ன்னு கேப்ப. உனக்கு ஞாபகம் இருக்குதோ இல்லையோ. உங்கம்மாவ மறுபடியும் அதே ஆஸ்பத்திரியில போட்டு, உசுரக் காப்பாத்தி அனுப்பினாங்க. "ஏன்யா மாத்திரை வாங்க வரல?"ன்னு டாக்டரம்மா கேட்டாங்க. "தீபக் கூட்டம்ங்க, உள்ள வர முடியல"ன்னு அங்கயும் ஒரு பொய்.  கொழந்தை போனது இதனாலதான்னு முடிவா சொல்ல முடியாது, ஆனா ரத்தம் இல்லாத ஒடம்பு எத்தினி பாரத்தத் தாங்கும்னு மட்டும் சொன்னாங்க. கொஞ்ச நாள்ல அவங்களுக்கு வேற ஊருக்கு மாத்தல் ஆயிட்டுது.

இதோட முடிஞ்சிருந்தாலும் பரவாயில்ல. வூட்டுக்கு வந்த உங்கம்மாகிட்ட உன் பெரியத்தை, "சாமி திருநீற வாய்க்கு ருசியாத் துன்னியே, அதான் சாமி கொழந்தையத் திருப்பி எடுத்துக்கிச்சு"ன்னு சொல்லிட்டா. துக்கத்துல வந்த பேச்சு. ஆனா உங்கம்மா அதப் புடிச்சுக்கினா. அன்னிலேர்ந்து இன்னி வரைக்கும் அவ கோயிலுக்குப் போனா திருநீற நெத்தியில வெச்சுக்கறதில்ல, கையில வாங்கித் தூண்ல வெச்சுட்டு வந்துடறா. நீ எத்தினி தடவை "ஏம்மா?"ன்னு கேட்டிருக்க, "நான் பாவிடா"ன்னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிடுவா. நான் பக்கத்துலயேதான் இருப்பேன். பாவி நீ இல்ல, நான்தான்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். இத்தினி வருஷத்துல அந்த ஒரு வார்த்தை என் வாயில வரல. எந்தத் தப்பும் பண்ணாதவ மேல கொலைப் பழி கெடக்கறதப் பாத்துக்கினே மூணு வேளையும் அவ கையால சாப்புட்டேன்.

இப்போ உன் சமாச்சாரத்துக்கு வரேன். இதப் படிச்ச மறு நாள் காலையில லீவு போடு. மேஸ்திரி கத்தினா கத்தட்டும், சம்பளத்தப் புடிச்சா புடிக்கட்டும். சரோஜாவக் கூட்டிக்கினு ஆஸ்பத்திரிக்குப் போ. நீ மட்டும் போய் மாத்திரை வாங்கியாரக் கூடாது, அவளயே காட்டணும், ரத்தம் சோதிக்கச் சொல்லணும். நாக்கு வேகுது, மூச்சு வாங்குதுன்னு உன் வாயால சொல்லு. மாத்திரைய நடுவுல நிறுத்தினது நான்தான்னு அதையும் சொல்லு. திட்டுவாங்க, வாங்கிக்க. இரும்பு மாத்திரை சாப்ட்டா வெளிக்குக் கருப்பாப் போவும், வயித்தப் பொரட்டும், அதுக்குப் பயந்து அவ நிறுத்தியிருந்தாலும் டாக்டர்கிட்ட சொன்னா எப்படிச் சாப்புடணும்னு வழி சொல்லுவாங்க. மாத்திரை துன்னா புள்ள கருப்பாப் பொறக்கும், பெருசாயிடும்னு அக்கம் பக்கத்துல எவளாவது சொன்னா, எங்க மாமனார் ஊர்லேர்ந்து வந்து பதில் சொல்லுவார்னு சொல்லச் சொல்லு. வரேன், வந்து நல்லாவே சொல்றேன்.

மாத்திரை இருக்குதேன்னு சாப்பாட்ட விட்டுடக் கூடாது, சாப்பாடு இருக்குதேன்னு மாத்திரையவும் விடக் கூடாது. நான் ரெண்டையும் மாத்தி மாத்தி விட்டவன், அதனாலதான் அடிச்சுச் சொல்றேன். கீரை தினம் வாங்கு, அன்னன்னிக்கு வந்த கீரையா பாத்து வாங்கு. நல்லாக் கழுவிட்டு அப்புறம் நறுக்கணும், நறுக்கிட்டுக் கழுவக் கூடாது. கொஞ்சமாத் தண்ணி விட்டு, வெந்தும் வேகாததுமா எறக்கணும், அந்தத் தண்ணிய அதுலயே விட்டுக் கடையணும். கசக்குதுன்னா நீ பொறுத்துக்க, வயித்துல சுமக்கறவ நீ இல்ல. காராமணி வேக வெச்சுக் குடு, மல்லாட்டை வேக வெச்சுக் குடு, முட்டை கெடச்சா குடு. முக்கியமா ஒண்ணு. அவ மொதல்ல சாப்புடட்டும், அவ போதும்னு சொன்ன அப்புறம் நீ தட்டு எடு. ஆம்பள காத்துக்கினு இருந்தா கொறைஞ்சு போயிட மாட்டான். உன் கூட்டாளிங்க பாத்துட்டுப் பொண்டாட்டிதாசன்னு சிரிச்சா சிரிக்கட்டும். சிரிச்சதுக்கு எவன் வூட்டுலயும் உசுரு போனதில்ல.

வெள்ளிக்கிழமை காலை.

மேல இருக்கறது நேத்து எழுதினது. அப்படியே மடிச்சுத் தபால்ல போட்டுடலாம்னுதான் இருந்தேன். ராவெல்லாம் யோசிச்சேன். உன்னைப் பொய் சொல்லாதன்னு எழுதிட்டு, அந்தப் பொய்ய இந்த வூட்டுலயே மூடி வெச்சுக்கறது இன்னா நியாயம்? காலையில மாட்டக் கட்டிட்டு வந்து, உங்கம்மாவக் கூப்ட்டு எதிர்ல உக்கார வெச்சேன். "அருணாசலத்துக்கு எழுதினது, கேளு"ன்னு மொதல் எழுத்துலேர்ந்து படிச்சேன். வெத்தலப் பெட்டி வரைக்கும் தலைய ஆட்டிக்கினு இருந்தா. தீபம் வந்த எடத்துல ஆட்டறத நிறுத்திட்டா. அதுக்கு மேல நான் நிமிந்து அவ மூஞ்சியப் பாக்கல, எழுத்த மட்டும் பாத்துப் படிச்சு முடிச்சேன்.

அவ கத்தல. அழுவான்னு நெனச்சேன், அழல.  அப்புறம், "அவங்க போதும்னு சொல்லவே இல்லையா?"ன்னா. "இல்ல"ன்னேன். "நான் துன்ன திருநீறால இல்லையா?"ன்னா. "இல்லவே இல்ல"ன்னேன். எழுந்து உள்ள போனா. பாத்திரம் உருட்டற சத்தம் கேட்டுது, பொட்டி தொறக்கற சத்தம் கேட்டுது. வெளியில வந்தப்போ வேற பொடவை கட்டியிருந்தா, கையில துணிப் பை. "மெட்ராசுக்கு அடுத்த பஸ் எத்தினி மணிக்கு?"ன்னா. நானும் வரேன்னேன். "நீங்க மாட்டப் பாத்துக்கினு இருங்க. புள்ள பொறந்து, பால் குடுத்து, அவ தெம்பா எழுந்து நடக்கற வரைக்கும் நான் வர மாட்டேன்"ன்னா. இத்தினி வருஷத்துல அவ எனக்கு உத்தரவு போட்டது இதான் மொதல் தடவை. 

அதனால இந்தக் கடுதாசி தபால்ல வரல, உங்கம்மா கையிலயே வருது. நீ படிச்சு முடிக்கற வரைக்கும் அவ எதிர்லயே நிப்பா. படிச்சதும் அவகிட்ட ஒண்ணும் மழுப்பாத, இனிமே அவகிட்ட அது செல்லாது.

பஸ் ஸ்டாண்டுல நின்னப்போ அவகிட்ட மன்னிச்சுடுன்னு கேட்டேன்.  பஸ்சுல ஏறி ஜன்னலோரம் உக்காந்த அப்புறம் கீழ குனிஞ்சு, "நம்ம பொண்ணுக்கு நான் மனசுக்குள்ள ஒரு பேர் வெச்சிருந்தேன்"ன்னா. இன்னா பேருன்னு கேட்டேன். "உங்ககிட்ட சொல்ல மாட்டேன். சரோஜாகிட்ட சொல்றேன்"ன்னா. அதுக்குள்ள பஸ் எடுத்துட்டான், ஸ்டாண்டு வாசல்ல ஆளு ஏத்த நிறுத்தியிருக்கான். ஒம்போது நாளும் உங்கம்மா மனசுக்குள்ளயே அந்தப் பேரச் சொல்லிக் கூப்ட்டிருக்கா, இன்னா பேருன்னு நான் கேட்டதே இல்ல. இந்தக் கடைசி வரியெல்லாம் இங்க நின்னுக்கினே இன்னொரு துண்டு காகிதத்துல எழுதறேன், ஓடிப் போய் ஜன்னல் வழியாக் குடுத்துடுவேன். நீ லீவு போடுடா அருணாசலம். எனக்கு அந்தப் பேர் தெரியணும், உங்களுக்குப் பொறந்து உசுரோட இருக்கற கொழந்தைய நீங்க அப்படிக் கூப்புடறதக் கேட்டுத் தெரிஞ்சுக்கணும்.

உன் நைனா.